எழுத்துக்கூட்டியே வாசிக்கும் பிள்ளைக்கு எது உதவும்: டியூஷனா, செயலியா, நூலகமா, வீட்டிலேயே சேர்ந்து வாசிப்பதா?

மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் பிள்ளை. புத்தகத்தைத் திறந்தால் "ப... ற... வை... பறவை... க... ள்... பறவைகள்" என்று எழுத்து எழுத்தாகவே நகர்கிறது. பத்தி முடிவதற்குள் முதல் வரி மறந்துபோகிறது. இன்னொரு வீட்டில் பிள்ளை கடகடவென்று வாசித்துவிடும். "என்ன படிச்சே, சொல்லு" என்றால் விழிக்கும். இரண்டு வீட்டிலும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான். டியூஷனில் சேர்க்கலாமா, போனில் ஏதாவது செயலி போட்டுத் தரலாமா, நூலகத்துக்கு அனுப்பலாமா, நாமே உட்கார்ந்து சொல்லித் தரலாமா?

இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வழியைச் சொல்ல முடியாது. பணமும் நேரமும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பலன் தந்ததை நம் பிள்ளைக்கும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

அதற்கு முன் ஒன்று. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் 'ஏசர்' ஆய்வு 2024-ல் கிராமப்புற இந்தியாவில் பார்த்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 27.1 சதவீதம் பேர்தான் இரண்டாம் வகுப்பு அளவிலான பாடத்தை வாசித்தார்கள். ஐந்தாம் வகுப்பிலும் ஏறக்குறைய பாதிப் பேர்தான். ஆகவே பிள்ளையைத் திட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு அப்புறம் மற்றதைப் பேசலாம்.

## முதலில் சிக்கல் எங்கே என்று பாருங்கள்

கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது இரண்டின் பெருக்கல்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. பெருக்கல் என்பதால் எது சுழியத்தை நெருங்கினாலும் விடையும் அதை நெருங்கும். எழுத்து நன்றாகத் தெரிந்தும் மொழி வராவிட்டால் புரியாது. மொழி கரைபுரண்டாலும் எழுத்து தட்டினால் புரியாது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை எடுங்கள். முந்தைய வகுப்பு அளவில் இருந்தால் போதும். சொந்தப் பாடப் புத்தகம் வேண்டாம். பல பிள்ளைகள் வகுப்பில் கேட்டுக் கேட்டே பாடத்தை மனப்பாடம் செய்திருப்பார்கள். கண் வேறு வரியில் இருக்க, வாய் வேறு வரியைச் சொல்லிக்கொண்டு போகும். ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் அதே அளவிலான இன்னொரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, மூன்று கேள்வி கேளுங்கள். அதில் ஒன்றாவது 'ஏன்' கேள்வியாக இருக்கட்டும்.

வாசிக்கும்போது தடுமாறிய பிள்ளை, கேட்கும்போது நன்றாகப் பதில் சொன்னால் அது எழுத்துச் சிக்கல். தடங்கலில்லாமல் வாசித்த பிள்ளை, கேட்கும்போதும் பதில் சொல்லத் திணறினால் அது மொழிச் சிக்கல். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கேட்டால் புரிகிறது, சரியாகவும் வாசிக்கிறது, ஆனால் தானே வாசித்தால் மட்டும் புரியவில்லை என்ற பிள்ளைகளும் உண்டு. அவர்களின் வாசிப்பு இன்னும் பழகி இலகுவாகவில்லை. லபெர்ஜ், சாமுவேல்ஸ் இருவரும் 1974-ல் இதை விளக்கினார்கள்: கவனம் அளவுக்கு உட்பட்டது, அது முழுக்க எழுத்தை இனம்காண்பதிலேயே செலவானால் பொருளுக்கு மிச்சம் இருக்காது. சரளம் என்பதை வேகப் போட்டியாக நினைக்க வேண்டாம். பொருளுக்கு இடம் விடுகிற இலகு அது.

தமிழில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். முதலாவது எழுத்துகள். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் சேர்த்து 247. 'கொ' என்ற எழுத்தில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ஒலியோ ககரத்துக்கு அப்புறம்தான் வருகிறது. கல், தங்கம், அகம் மூன்றிலும் ஒரே ககரம்தான், ஒலி மூன்று. இந்த வகை எழுத்துமுறைகளில் எழுத்தறிவு முழுமையாக அமைய ஆரம்பப் பள்ளியின் பல ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதை, கன்னடம் வாசிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சொனாலி நாக் 2007-ல் காட்டினார். இரண்டாம் வகுப்பில் 'கௌ'வில் தயங்குவது பெரிய விஷயமில்லை. நான்காம் வகுப்பு முடியும்போதும் 'கெ', 'கே' குழம்பினால் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பேச்சும் எழுத்தும். வீட்டில் "வந்துட்டாங்க" என்கிறோம், புத்தகம் "வந்துவிட்டனர்" என்கிறது. அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் உச்சரித்த பிள்ளைக்கு அது தன் அம்மா தினமும் சொல்லும் சொல்தான் என்று தெரியாமலே இருக்கலாம். மொழிச் சிக்கலில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு. பெற்றோர் இதைக் கவனிப்பதே இல்லை.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற அட்டவணைகளையும் எச்சரிக்கையோடு பாருங்கள். ஒன்றிய அரசின் 'நிபுண் பாரத்' திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் என்று இலக்கு வைத்தது. ஆனால் தமிழில் 'போய்க்கொண்டிருந்தவர்களிடம்' என்பது ஒரே சொல். சின்னச் சின்னச் சொற்கள் கொண்ட ஆங்கிலம் போன்ற மொழிக்குப் பொருந்தும் எண்ணை அப்படியே இங்கே ஒட்டினால் நன்றாக வாசிக்கும் பிள்ளையும் பின்தங்கியதாகவே தெரியும். எண்ணுவதை விட இதைக் கேளுங்கள்: வாக்கிய முடிவில் நிறுத்துகிறதா, சேர வேண்டிய சொற்களைச் சேர்த்து வாசிக்கிறதா, "அவன் வந்தானா?" என்பதைக் கேள்வியாகவே வாசிக்கிறதா. பிள்ளைக்குப் புரிகிறது என்பதற்கு இதெல்லாம் நல்ல அடையாளம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

- எழுத்துச் சிக்கல், மொழிச் சிக்கல் இரண்டில் எதற்கு உதவும்?
- ஒரு நாளில் பிள்ளையின் சொந்த வாய் எத்தனை நிமிடம் வாசிக்கிறது?
- தடுமாறும் அந்த நொடியில் யாராவது கேட்டுத் திருத்துகிறார்களா?
- வாசித்ததைப் பற்றிப் பேச்சு நடக்கிறதா?
- நம் குடும்பத்தால் ஆறு மாதம் விடாமல் தொடர முடியுமா?

செலவைக் கடைசியில் பார்க்கலாம். நான்கு வழிகளில் மூன்றுக்குப் பணம் பெரிதாகத் தேவைப்படாது. அவை கேட்கும் விலை வேறு.

## டியூஷன்

பெரும்பாலானோர் முதலில் நினைப்பது இதைத்தான். என் அனுபவத்தில், வாசிப்புக்காக என்று பார்த்தால் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். சாயங்காலம் பதினைந்து இருபது பிள்ளைகள் ஒரு கூடத்தில். வீட்டுப்பாடம் முடிக்க வேண்டும், கேள்வி பதில் ஒப்பிக்க வேண்டும், நாளைய தேர்வுக்குத் தயாராக வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை தானாகச் சத்தமாக வாசிப்பது இரண்டு நிமிடம் இருந்தாலே அதிகம். மதிப்பெண் ஏறும், பதிலை மனப்பாடம் செய்தால் ஏறத்தானே செய்யும். அதைப் பார்த்து நாம் நிம்மதியாகிவிடுகிறோம். வாசிப்பு அதே இடத்தில் நிற்கிறது, ஆறாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் பெரிதாகும்போது வெளியே வருகிறது. மாதக் கட்டணத்தைவிட இந்த மறைவான செலவு பெரியது.

எல்லா டியூஷனும் அப்படியில்லை. ஐந்தாறு பிள்ளைகளை அவர்கள் வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துச் சேர்த்து, ஒவ்வொருவரையும் தினமும் வாசிக்க வைக்கும் ஆசிரியர் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். சேர்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை தினமும் எத்தனை நிமிடம் உங்களிடம் சத்தமாக வாசிக்கும்?" பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

கரோனா ஊரடங்குக்குப் பின் 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் சாயங்கால வகுப்புதான். தெருவிலேயே ஒரு தன்னார்வலர், சிறு குழு, பாட்டு, கதை, வாசிப்பு. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், பள்ளி திறந்தபின் பிள்ளைகள் மீட்டெடுத்த கற்றலில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று தெரிந்தது. அந்தத் தன்னார்வலர்களில் பலர் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்ல. சின்னக் குழுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாலே இவ்வளவு நடக்கிறது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் கட்டணம் கட்டும் முன் வகுப்பாசிரியரைப் பாருங்கள். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலை, எதில் தட்டுகிறது என்று கேட்டால் ஆசிரியர் சொல்லிவிடுவார். இதற்குக் காசு தேவையில்லை.

## செயலி

செயலிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: பிள்ளைக்கு வெட்கம் இல்லை. வகுப்பில் எல்லோர் முன்னும் தடுமாறி, சிரிப்புக்கு ஆளான பிள்ளை போன் முன்னால் தைரியமாக வாசிக்கும். கூகுளின் 'ரீட் அலாங்' 2019-ல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் வந்தது, பின்னர் தமிழும் சேர்ந்தது. பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, தட்டிய சொல்லைச் சொல்லிக் காட்டுகிறது. எழுத்துச் சிக்கலுக்கு, அதிலும் சரியாக வாசித்தும் வேகம் வராத பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி.

ஆனால் அது பேசாது. "இந்த நரி ஏன் அப்படிச் செஞ்சுது?" என்று கேட்டு, பிள்ளையின் பதிலிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். கூடத்தில் டிவி ஓடினால், தெருவில் ஒலிபெருக்கி இருந்தால் சரியாக வாசித்ததையும் தவறு என்று காட்டக்கூடும். அப்புறம், போன் ஒரு கைக்குப் போனால் அடுத்து எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். பத்து நிமிடம் செயலி, நாற்பது நிமிடம் வீடியோ என்று முடியும் வீடுகள் நிறைய. அப்பாவின் போன்தான் ஒரே போன் என்றால், அவர் வேலை முடிந்து எட்டரைக்கு வரும் வரை பயிற்சியும் காத்திருக்க வேண்டும்.

நாளுக்கு பத்து, பதினைந்து நிமிடம், பெரியவர் பார்வையில். அந்த அளவில் இது நல்ல துணை. இதை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

## நூலகமும் கதைப் புத்தகமும்

"நிறைய படிக்கட்டும், தானா வரும்" என்பார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது முழு உண்மை. சொல்வளம், உலகறிவு, நீண்ட வாக்கியங்களின் பழக்கம் எல்லாம் கதைப் புத்தகங்களில்தான் சேரும். மொழிச் சிக்கலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

வாசிக்கவே தடுமாறும் பிள்ளையைத் தனியாகப் புத்தகத்தோடு உட்கார வைத்தால் அது படம் பார்க்கும், பக்கம் புரட்டும், "படிச்சிட்டேன்" என்று சொல்லும். அமெரிக்காவில் 2000-ல் வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, பெரியவர் வழிகாட்ட உரக்க வாசிப்பது சரளத்தை வளர்க்கிறது என்று உறுதியாகச் சொன்னது. தனியே மௌனமாக வாசிக்கச் சொல்வது மட்டும் சரளத்தை வளர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. புத்தகம் தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. தடுமாறும் பிள்ளைக்குப் புத்தகத்தோடு ஆளும் வேண்டும்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த உலகத்தில் தொடங்குங்கள். 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் பேஸ்பால் பற்றிய ஒரு பகுதியைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட் பைத்தியமான பிள்ளைக்குக் கிரிக்கெட் பற்றியும், ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி பற்றியும் கொடுங்கள். ராஜா ராணி கதை பிறகு வரலாம்.

புத்தகத்துக்குச் செலவு அதிகம் இல்லை. ஊர்ப்புற நூலகத்திலும் கிளை நூலகத்திலும் உறுப்பினராக ஆகும் தொகை சிறியது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கும். பள்ளிக் கல்வித் துறையின் 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் சிறு புத்தகங்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. உங்கள் பள்ளியில் அவை அலமாரியில் பூட்டிக் கிடந்தால் வெளியே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

## வீட்டில் சேர்ந்து வாசிப்பது

மேலே சொன்ன ஐந்து கேள்விகளில் நான்கில் இதுதான் முன்னால் நிற்கிறது. ஐந்தாவதில், அதாவது தொடர்வதில், அடிக்கடி தோற்றுப்போகிறது. அதனால் எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இருபது நிமிடம் போதும். ஐம்பது, அறுபது சொல் உள்ள ஒரு சின்னப் பகுதி. முதலில் நீங்கள் வாசியுங்கள், பிள்ளையின் விரல் வரியில் ஓடட்டும். அப்புறம் இருவரும் சேர்ந்து. அப்புறம் பிள்ளை தனியாக. அதே பகுதியை மறுநாளும், அதற்கு மறுநாளும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இந்த முறையை சாமுவேல்ஸ் 1979-ல் எழுதினார். அப்படிச் செய்யும்போது புதிய பகுதிகளையும் பிள்ளைகள் முன்னைவிட வேகமாகத் தொடங்குவதை அவர் கவனித்தார். "ஒரே பாடத்தையே எத்தனை தடவை?" என்று நமக்குத்தான் அலுக்கும். மூன்றாம் நாள் தடங்கலில்லாமல் ஓடும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் உடனே பாயாதீர்கள். மூன்று, நான்கு நொடி பொறுங்கள். வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். வாக்கியம் முடிந்ததும் அந்த இடத்துக்குத் திரும்பலாம். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்ட வைத்தால் கதை செத்துவிடும். எழுத்துப் பயிற்சியைத் தனியே ஐந்து நிமிடம் வையுங்கள்: கெ கே, கொ கோ, ல ள ழ, ன ண என்று தட்டும் ஜோடிகளை மட்டும்.

கடைசி ஐந்து நிமிடம் பேச்சு. "கதையின் நீதி என்ன?" என்று கேட்டால் பிள்ளை தேர்வு எழுத ஆரம்பித்துவிடும். "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?", "அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறே?", "அவ ஏன் பொய் சொன்னா?" என்று கேளுங்கள். புத்தக நடையில் உள்ள ஒரு வாக்கியத்தை வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். "'அவர்கள் புறப்பட்டனர்'னா நம்ம வீட்ல எப்படிச் சொல்வோம்?" பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் உள்ள தூரம் இப்படித்தான் குறையும்.

இதன் மறைவான விலை பெற்றோரின் பொறுமை. வேலை முடிந்து, சமையல் முடிந்து, களைத்துப்போய் உட்காரும்போது பிள்ளை பத்தாவது தடவையாக அதே எழுத்தில் தடுமாறினால் குரல் உயரும். அடி விழும் வீடுகளும் உண்டு. வாசிப்பு என்றாலே பயம் என்று ஒரு தடவை பதிந்துவிட்டால் அதைப் போக்க மாதங்கள் ஆகும். உங்களால் கோபப்படாமல் உட்கார முடியாது என்று தெரிந்தால் நீங்கள் உட்காராதீர்கள். அக்காவோ சித்தியோ தாத்தாவோ உட்காரட்டும். ஏழாம் வகுப்பு அண்ணன் மூன்றாம் வகுப்புத் தம்பிக்கு வாசித்துக் காட்டினால் அண்ணனின் வாசிப்பும் தேறும்.

வாசிக்கத் தெரியாத பெற்றோர் இதைச் செய்ய முடியாது என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள், "அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். கதை சொல்லும் ஆயா இருக்கும் வீட்டில் பிள்ளையின் கேட்டுப் புரியும் திறன் தினமும் வளர்கிறது. அந்தப் பெருக்கல் கணக்கில் பாதி அதுதான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டியூஷன் | செயலி | நூலகம் | வீட்டு வாசிப்பு |
|---|---|---|---|---|
| எழுத்துச் சிக்கலுக்கு | சிறு குழு என்றால் உதவும் | நன்று | தனியாகப் போதாது | மிக நன்று |
| மொழிச் சிக்கலுக்கு | அரிது | குறைவு | மிக நன்று | மிக நன்று |
| வாய் வாசிக்கும் நேரம் | மிகக் குறைவு | அதிகம் | பிள்ளையைப் பொறுத்தது | அதிகம் |
| உடனே திருத்த ஆள் | கூட்டத்தைப் பொறுத்தது | இயந்திரம் | இல்லை | உண்டு |
| மறைவான விலை | மனப்பாடம், களைப்பு | வீடியோ, போன் | தவறான புத்தகம் | பொறுமை |

எழுத்துச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு வீட்டு வாசிப்பும், வாரத்தில் சில நாள் செயலியும். வீட்டில் ஆளே இல்லை, இரண்டு பேரும் ஷிப்ட் வேலை என்றால் சிறு குழு டியூஷன். அதற்குப் பணம் கொடுப்பது நியாயமே. மொழிச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு நூலகமும், நீங்கள் வாசித்துக் காட்டுவதும், பேச்சும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் எழுத்துப் பயிற்சி கொடுப்பதில் பயனில்லை. இரண்டும் உள்ள பிள்ளைக்கு எழுத்தை முடித்துவிட்டு மொழிக்கு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளை சின்னதை வாசிக்கட்டும், நீங்கள் பெரியதை வாசித்துக் காட்டுங்கள், இரண்டும் ஒரே நாளில்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எந்த மொழியில் தொடங்குவது என்று கேட்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்றால் தமிழில். பிள்ளைக்குத் தெரியாத மொழியில் எழுத்தையும் பொருளையும் ஒன்றாகக் கற்பது இரட்டைச் சுமை. எழுத்து ஒலியைக் குறிக்கிறது, வரி பொருள் தருகிறது என்ற பிடி தமிழில் கிடைத்தால் ஆங்கிலத்துக்கும் அது உதவும்.

## மூன்று மாதம் ஆகியும் நகரவில்லை என்றால்

தினமும் ஒழுங்காகச் செய்தும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை எழுத்துகளையே மறந்துகொண்டிருந்தால், பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளை எழுத்தில் மட்டும் இப்படி இருந்தால், முதலில் கண்ணும் காதும் சோதிக்கப்பட வேண்டும். கரும்பலகை தெரியாமலே இரண்டு வருடம் ஓட்டிய பிள்ளைகள் உண்டு. அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு தேவைப்படலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் நெடுங்காலமாக இதில் வேலை செய்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் சந்தேகம் வந்த வருடமே போய்க் கேளுங்கள். போகும்போது பிள்ளை வாசித்ததன் ஒலிப்பதிவையும் தட்டிய சொற்களின் பட்டியலையும் கையில் கொண்டுபோங்கள். மதிப்பிடுபவருக்கு அது நிறைய உதவும்.